அரக்கு என்ன நிறம்?

புடவை திரும்பி வந்த அன்று அப்பா கோபப்படவில்லை. கூரியர் கவரைக் கத்தரித்து, மடிப்பு கலைந்திருக்கிறதா என்று பார்த்தார். முந்தியை மட்டும் பிரித்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இதுல என்னாடா தப்பு?"

புடவையில் தப்பில்லை. நான் எடுத்து அனுப்பிய போட்டோவில்தான் தப்பு.

இது நடந்தது 2020 ஆகஸ்டில். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. முன்கட்டில் தறி, பின்கட்டில் நாங்கள். அந்த மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் கல்யாணங்கள் தள்ளிப்போயின. காந்தி ரோட்டில் பட்டுக்கடைகள் ஷட்டரை இறக்கின. அப்பா கூலிக்கு நெய்பவர். நூலும் ஜரிகையும் முதலாளி தருவார். நெய்து கொடுத்தால் கூலி. தறியில் இருந்த பாவு தீர்ந்த பிறகு அடுத்த பாவு வரவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு அம்மாவின் வளையலை அடகு வைத்து, சொந்தமாக ஒரு பாவு போட்டார். முப்பத்தைந்து வருட நெசவில் அவர் தனக்கென்று போட்ட முதல் பாவு அது.

ஒரு பாவில் மூன்று புடவை. உடல் அரக்கு, கரை பச்சை, கோர்வை போட்டு நெய்தது. கோர்வை என்றால், உடலுக்கு ஒரு நிற ஊடை, கரைக்கு வேறு நிற ஊடை. இரண்டும் சேருமிடத்தில் ஒவ்வொரு இழையும் ஒன்றையொன்று கோர்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். மூன்று நாடா ஓடும். ஒரு ஆளால் முடியாது. ஒரு பக்கத்துக் கரைக்கு அம்மா கூட உட்காருவார். ஒரு புடவைக்குப் பதினைந்து நாளாவது ஆகும்.

எனக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அதுவும் அப்போது நின்றிருந்தது. "எப்பப் பாத்தாலும் போனத்தான நோண்டிக்கிட்டு இருக்க, அதுலயே இத வித்துக் குடு" என்றார் அம்மா. முதல் புடவை தறியிலிருந்து இறங்கியதும் ட்யூப்லைட்டின் கீழே பாயில் விரித்து, போனில் படம் எடுத்தேன். ஒரு செயலியில் ஒரே ஒரு தட்டு. படம் பளிச்சென்று ஆகிவிட்டது. தெரிந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பினேன். யார் யார் வழியாகவோ போய், கோயம்புத்தூரில் ஒரு குடும்பம் 22,000 ரூபாய்க்கு வாங்கியது. பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு.

நாலைந்து நாளில் போன் வந்தது. "படத்துல நல்ல தக்காளிச் செவப்பா இருந்துச்சுங்க தம்பி. வந்திருக்கறது வேற கலருங்க. புள்ள அழுகறா."

அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். திரும்பி வந்த புடவையை ஒரு கடைக்காரர் 15,500-க்கு எடுத்துக்கொண்டார். நூல், ஜரிகை, சாயம் எல்லாம் போக, அப்பாவும் அம்மாவும் பதினைந்து நாள் உட்கார்ந்ததற்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை.

*

எங்கள் ஊரில் நிறங்களுக்கு எண் கிடையாது, பெயர்தான். மாம்பழம், வாடாமல்லி, கத்திரிப்பூ, கிளிப்பச்சை, மயில்கழுத்து. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக முத்துச் செட்டியார் உருவாக்கிய நீலத்துக்கு எம்.எஸ். ப்ளூ என்றே பெயராகிவிட்டது. மயில்கழுத்து ஒரு நிறமே அல்ல. பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொரு நிறமும் சேர்ந்து, புடவை அசையும்போது நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே மாறுவது. அரக்கு என்பது அரக்குப்பூச்சியின் பிசினிலிருந்து வந்த பெயர். சிவப்பும் அல்ல, பழுப்பும் அல்ல. வெயிலில் பார்த்தால் உள்ளே நெருப்பு இருப்பதுபோல இருக்கும், நிழலில் உறைந்த ரத்தம்போல இருக்கும்.

போன் கேமராவுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. மங்கலான சிவப்பு ஒன்று கண்ணில் பட்டால், 'இவன் நல்ல சிவப்பைத்தான் எடுக்க நினைத்திருப்பான்' என்று முடிவு செய்து ஏற்றிக் கொடுத்துவிடும். நான் தட்டிய தட்டு அதை இன்னும் ஒரு படி ஏற்றியது. ட்யூப்லைட் தன் பங்குக்கு எதையோ செய்தது. மூன்று பேர் சேர்ந்து அப்பாவின் அரக்கைத் தக்காளி ஆக்கினோம். அதில் யார் எவ்வளவு செய்தோம் என்று பின்னால் கண்டுபிடிக்க வழியே இல்லை. இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

என்னிடம் ஒரு கேமராவும் இருந்தது. 2019-ல், நாற்பது வருடத்துக்குப் பிறகு அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்து 48 நாள் தரிசனம் தந்தபோது, அந்தக் கூட்டத்தை எடுக்கலாம் என்ற ஆசையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கேனான் 1300டி. கூட்டத்தில் பாதி நாள் அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே முடியவில்லை. அதற்குப் பிறகு கைலாசநாதர் கோயிலுக்குச் சில விடியற்காலைகளில் எடுத்துப் போனதோடு சரி. கல்யாணம் எடுக்கும் எங்கள் தெரு அண்ணன் ஒருவரிடம் புடவைக் கதையைச் சொன்னேன். "ராவுல எடுடா. ஜேபெக்ல எடுத்தா கேமரா முடிவு பண்ணிடும். ராவுல நீ முடிவு பண்ணலாம்" என்றார்.

ரா கோப்பு என்றால் என்ன என்று ஒரு வாரம் படித்தேன். கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு சின்ன நிறக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடாக் நிறுவனத்தில் வேலை செய்த பிரைஸ் பேயர் என்பவரின் யோசனை இது. 1976-ல் காப்புரிமை கிடைத்தது. ஆக, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம்தான் நிஜமாகத் தெரியும். மற்ற இரண்டும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போடுவது. அந்தக் கணக்கைப் போடாமல், சென்சார் பார்த்ததை அப்படியே எழுதிவைப்பது ரா. கணக்கையும் போட்டு, நிறத்தையும் முடிவு செய்து, தேவையில்லை என்று தோன்றுவதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தருவது ஜேபெக். என் கேமராவின் ரா கோப்பு 14 பிட்; ஒரு புள்ளியில் 16,384 படிகள் வரை எழுத இடம் உண்டு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்.

இதை அப்பாவிடம் சொல்ல முயன்றேன். கணினியில் ரா கோப்பை முதலில் திறந்தபோது படம் மங்கலாக, உயிரே இல்லாமல் இருந்தது. அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கச்சா நூல் மாதிரி இருக்குது" என்றார்.

கச்சாப் பட்டைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சரி என்று தெரியும். கூட்டிலிருந்து எடுத்த பட்டுநூல் பளபளக்காது. மேலே ஒரு பசை இருக்கும். விறைப்பாக, சணல் மாதிரி கிடக்கும். சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பசையை எடுத்தால்தான் பட்டு வெளியே வரும். அதில் நூலின் எடை நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு போய்விடும். போனது போனதுதான்.

"வெளுக்கறதுக்கு முன்னால இருந்தா என்ன கலர் வேணாலும் போடலாம்" என்றார் அப்பா. "சாயம் போட்டப்புறம் வந்து மாத்துன்னா சாயக்காரர் அடிப்பாரு."

*

இனி மென்பொருள். இணையத்தில் இதைத் தேடினால் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாப் பட்டியலும் எந்த மென்பொருளில் அதிகம் செய்ய முடியும் என்று சொல்லும். எனக்கு வேண்டியது நாலு வேலைதான்.

ஒன்று, என் கேமராவின் கோப்பைத் திறக்க வேண்டும். இது சாதாரண விஷயமில்லை. கேனான் ஒரு வகை, நிக்கான் ஒரு வகை, சோனி ஒரு வகை என்று ஆளுக்கொரு ரா வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அடோபி 2004-ல் டிஎன்ஜி என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. பெரிய கேமரா நிறுவனங்கள் பலவும் தங்கள் வழியிலேயே போயின. டேவ் காஃபின் என்ற ஒரு தனிமனிதர் 1997-ல் தொடங்கி, கேமரா கேமராவாக இந்தக் கோப்புகளைப் பிரித்துப் பார்த்து, டிசிரா என்ற சின்ன நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். பின்னால் வந்த எத்தனையோ மென்பொருள்கள் அதன் தோளில் ஏறி நிற்கின்றன.

இரண்டு, வெள்ளை எது என்று நான் தொட்டுக் காட்டினால் அதை வைத்து மற்ற நிறங்களைச் சரி செய்ய வேண்டும். மூன்று, ஜரிகை மின்னும் இடத்தில் வெறும் வெள்ளையாக வெளுத்துப் போகாமல், வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்க முடிய வேண்டும். நான்கு, என் மடிக்கணினியில் ஓட வேண்டும். 4 ஜிபி ராம். அதற்கு வயதும் ஆகியிருந்தது.

தெரு அண்ணன் லைட்ரூம் வைத்திருந்தார். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுப்பவருக்கு அதைவிட வசதி கிடையாது என்று அவர் வேலை செய்வதைப் பார்த்தாலே தெரியும். 2007-ல் வந்தபோது அதைக் காசு கொடுத்து ஒரேயடியாக வாங்கலாம். 2017-க்குப் பிறகு வந்த பதிப்புகளுக்குச் சந்தாதான். எங்கள் வீட்டில் மாதா மாதம் என்ற சொல்லைக் கேட்டாலே அம்மா முகம் மாறிவிடும். இலவசமாக டார்க்டேபிள் இருந்தது. 2009-ல் தொடங்கி, தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்ப்பது. ராதெரபி இருந்தது, ஹங்கேரியைச் சேர்ந்த ஒருவர் எழுதி, 2010-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இரண்டும் அசலான கருவிகள். ஆனால் இருந்த கட்டுப்பாடுகளின் எண்ணிக்கையைப் பார்த்து எனக்கு மலைப்பாகிவிட்டது. தறி தெரியாதவனை ஜக்கார்டு பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்த மாதிரி. கற்றுக்கொள்ளலாம். ஆனால் இரண்டாவது புடவை அடுத்த வாரம் இறங்கப் போகிறது.

ஒரே தட்டில் எல்லாம் செய்யும் செயலிகளும் இருந்தன. ஆசை அங்கேதான் இழுத்தது. இரண்டாவது புடவையை அப்படி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். படம் நகைக்கடை விளம்பரம் மாதிரி வந்தது. புடவை விற்கும் ஒரு வாட்ஸப் குழுவில் அதைப் போட்டதும் அரை மணி நேரத்தில் இருபது பேர் விலை கேட்டார்கள். அப்பா படத்தைப் பார்த்தார். "நல்லாருக்குது" என்றார். பிறகு, "இது யாரு நெஞ்சது?" என்று கேட்டார். எடுத்துவிட்டேன்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத ஒன்றை. டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல் என்று கேனானே தன் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகத் தருவது. நிக்கான், சோனி வைத்திருப்பவர்களுக்கும் அந்தந்த நிறுவனத்தின் மென்பொருள் இதேபோல இருக்கிறது. பார்ப்பதற்கு ஒரு அரசு அலுவலகம் மாதிரி இருக்கும். ஆனால் என் நாலு வேலையையும் செய்தது. அதில் இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடித்துப்போயின.

முதலாவது, அதில் பிக்சர் ஸ்டைல் என்று ஒரு பட்டியல் உண்டு. ஸ்டாண்டர்ட், போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப் என்று போய், கடைசிப் பக்கம் ஃபெயித்ஃபுல் என்று ஒன்று. கிட்டத்தட்ட 5,200 கெல்வின் வெளிச்சத்தில், அதாவது நல்ல பகல் வெளிச்சத்தில், எடுத்த பொருளின் நிறத்தை அளந்து பொருளோடு ஒத்துப்போகும்படி காட்டுவது அதன் வேலை. படம் மந்தமாகத்தான் இருக்கும் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். விற்பதற்காகச் செய்த ஒரு பொருளில், 'இது அழகாக இருக்காது, ஆனால் உண்மையாக இருக்கும்' என்று ஒரு பொத்தானை வைத்திருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவது, நாம் செய்யும் மாற்றங்கள் எதுவும் படத்தைத் தொடாது. என்ன செய்தோம் என்பதை மட்டும் தனியாக ஒரு குறிப்பாக எழுதிக்கொள்ளும். அதற்கு ரெசிபி என்று பெயர். ஒரு படத்தின் ரெசிபியை நகலெடுத்து இன்னொரு படத்தில் ஒட்டலாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு எடுத்த நிலைக்கே திரும்பலாம். எங்களுக்குச் சாயம் போடுபவர் ஒரு நீளமான நோட்டு வைத்திருப்பார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டு நூல் ஒட்டியிருக்கும். பக்கத்தில் எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். அந்த நோட்டு மாதிரிதான்.

*

வெள்ளைக்கு எதைக் காட்டுவது என்பதில் முதல் தவறு செய்தேன். வெளுத்த பட்டுநூல் ஒரு கண்டை புடவை மேல் வைத்து, அதைத் தொட்டுக் காட்டினேன். படம் முழுக்க நீலம் ஏறிவிட்டது. வெளுத்தாலும் பட்டு வெள்ளையில்லை. அதில் ஒரு தந்த மஞ்சள் இருக்கிறது. அதை வெள்ளை என்று சொன்னால், மென்பொருள் அந்த மஞ்சளைக் கழிப்பதற்காக எல்லாவற்றிலும் நீலத்தைக் கூட்டும். பிறகு ஜெராக்ஸ் பேப்பரை வைத்தேன். அதில் வெண்மை கூட்டுவதற்காக நீலமாக ஒளிரும் ரசாயனம் சேர்க்கிறார்கள். இப்போது படம் மஞ்சளடித்தது. கடைசியில் சில நூறு ரூபாய்க்கு ஒரு கிரே கார்டு வாங்கினேன். சாம்பல் நிற அட்டை, அவ்வளவுதான். அது எந்தப் பக்கமும் சாயாது.

அட்டை வந்த பிறகும் எனக்குத் திருப்தியில்லை. கோயம்புத்தூர் பெண் அழுதது காதில் இருந்தது. அதனால் அப்பாவையே நீதிபதியாக உட்கார வைத்தேன். வாசல் நிழலில், காலை ஒன்பது மணிக்கு இரண்டாவது புடவையை எடுத்தேன். கிரே கார்டைத் தொட்டேன். ஃபெயித்ஃபுல் வைத்தேன். அப்பா அதே அரக்கு நூல் கண்டைக் கையில் பிடித்துக்கொண்டு திரைக்கு நேராக உட்கார்ந்தார். என் மடிக்கணினியைச் சற்றுச் சாய்த்தாலே அரக்கு காவியாகிவிடும், அதனால் அசையக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

"கொஞ்சம் இறக்கு."

இறக்கினேன்.

"மஞ்சள் அடிக்குது. கத்திரிப்பூ பக்கம் போ."

நீலப் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங், விடு. இதான்."

எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிந்தது. ஆனால் முப்பத்தைந்து வருடம் நூலைப் பார்த்த கண் அது. என் கண்ணை நான் நம்பவில்லை. அந்தப் படத்தை அனுப்பினேன். விலை கேட்டவர்கள் நாலே பேர். அதில் சேலத்தில் ஒருவர் வாங்கினார். புடவை போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

"படத்துல லேசா கத்திரிப்பூ அடிச்ச மாதிரி இருந்துச்சுப்பா. நேர்ல பாத்தா சுத்தமான அரக்கு. எனக்கு இதான் வேணும்."

அம்மா சந்தோஷப்பட்டார். அப்பா, "அப்ப இந்தத் தடவையும் தப்புதான்" என்றார். "அவங்க நல்லவங்க, தப்பிச்சோம்."

அன்று இரவு மென்பொருளைத் திறந்து, நாங்கள் அதுவரை சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்த எல்லாப் படங்களின் ரெசிபியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எடுத்துக் கொடுத்திருந்ததால் பதினோரு புடவைகள் இருந்தன. மாம்பழம், வாடாமல்லி, பச்சை, சந்தனம் என்று எல்லா நிறமும். கிரே கார்டு ஓர் இடத்தைக் காட்டியிருந்தது. அப்பா சொன்னபடி நான் அங்கிருந்து நகர்த்தியிருந்தேன். பதினொன்றிலும் ஒரே பக்கம். நீலம்.

ஒரு படத்தில் தவறினால் கை தவறியது எனலாம். பதினொன்றிலும் ஒரே பக்கம் சாய்ந்தால், அட்டை சாய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கண்.

யோசித்துப் பார்த்தால் வீட்டில் எல்லாம் கண்முன்னாலேயே இருந்தது. அறுந்த இழையை அப்பா கொஞ்ச நாளாக விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார். தறி மேலிருந்த ட்யூப்லைட்டை இரண்டு முறை கீழே இறக்கிக் கட்டியிருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். "வயசாச்சுல்ல" என்பார். நாங்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

*

இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகி, பழுப்பாகிக்கொண்டே போகும். மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரியாது, மூளை சரிசெய்துகொள்ளும் என்று விளக்கினார்.

அப்படியானால் நூலையும் திரையையும் ஒரே கண்ணால்தானே பார்த்தார், இரண்டும் ஒரே மாதிரி அல்லவா மஞ்சளாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குக் குழப்பம். தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. நூல் பகல் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. அதில் எல்லா அலைநீளமும் கலந்திருக்கும். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே விளக்குகளை வைத்து அந்த நிறத்தை நடிக்கிறது. மஞ்சளான லென்ஸ் திரையின் அந்த நீல விளக்கைத்தான் அதிகமாகத் தடுக்கும். கையில் இருக்கும் நூலோடு திரை ஒத்துப்போக வேண்டுமென்றால், அப்பாவுக்கு நீலம் கூடுதலாக வேண்டியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அதுதான் சரி.

ஓவியர் க்ளோத் மோனேவுக்கும் இதேதான் நடந்திருக்கிறது. புரை முற்றிய வருடங்களில் அவர் தீட்டியவை செம்பழுப்பாகப் போயின. 1923-ல், எண்பத்திரண்டு வயதில் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன் பிறகு நிறங்கள் மாறித் தெரிந்ததில் தவித்துப்போனார். ஆனால் அவர் தீட்டியதை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். எங்கள் நிலைமை வேறு.

2021 பிப்ரவரியில் அப்பாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் ஆனது. இடது கண்ணுக்கு ஒரு மாதம் கழித்து. அந்த ஒரு மாதம்தான் விசித்திரமானது. கட்டு அவிழ்த்த ஒரு வாரத்தில், வாசலில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடி வானத்தைப் பார்ப்பார். பிறகு மற்றதை மூடிப் பார்ப்பார். அம்மாவின் பழைய வெள்ளைத் துண்டை எடுத்து அதேபோலப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுக்கு ரெண்டு கலர்டா. இந்தக் கண்ணுல இது வெள்ள. இந்தக் கண்ணுல டீ கொட்டின மாதிரி இருக்குது."

பிறகு அரக்கு நூலைக் கொண்டுவரச் சொன்னார். வலது கண்ணால் பார்த்தார், இடது கண்ணால் பார்த்தார். நான் மடிக்கணினியை எடுத்து வந்தேன். சேலத்துக்குப் போன புடவை போய் அஞ்சு மாதம் ஆகிவிட்டது. ஆனால் ரா கோப்பு இருந்தது. ரெசிபியில் நான் நகர்த்தியதையெல்லாம் நீக்கி, கிரே கார்டு சொன்ன இடத்துக்கே திரும்பினேன்.

வலது கண். "இது சரி."

இடது கண். "இதுல மஞ்சள் அடிக்குது."

திரும்ப வலது கண். அதற்குப் பிறகு இரண்டையும் மூடிக்கொண்டார்.

"அப்ப இத்தன நாளா நான் நெஞ்சதெல்லாம்?"

சாயம் போடுபவர் வேறு ஆள், நூலைத் தேர்ந்து கொடுப்பவர் முதலாளி, நீங்கள் நெய்தது சரியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அது மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். இந்தக் கலருக்கு இந்தக் கரை என்று எத்தனையோ முறை முதலாளியிடம் சண்டை போட்டு மாற்றியவர். அவற்றில் எது கண் சொன்னது, எது புரை சொன்னது என்று இனி பிரித்துப் பார்க்க முடியாது. அவர் செய்த முடிவுகளுக்கு ரெசிபி எழுதிவைத்தவர் யாருமில்லை.

எளிமையான மென்பொருள் எது என்று என்னிடம் இப்போதும் சிலர் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் கேமரா வைத்திருக்கும் பிள்ளைகள் நாலு பேர் இருக்கிறார்கள். பொத்தான் குறைவாக இருப்பதுதான் எளிமை என்று நானும் நினைத்திருந்தேன். ஒரே தட்டில் முடித்துத் தரும் செயலியைவிடக் குறைவான பொத்தான் எதிலும் கிடையாது. ஆனால் அதில் தக்காளி எப்போது நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. எனக்கு எளிமை என்பது, நான் என்ன முடிவு செய்தேன் என்று எனக்கே திருப்பிக் காட்டுவது. தப்பு செய்திருந்தால் எந்த இடத்தில், எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிவது. முன்னால் இருந்த இடத்துக்குத் திரும்ப முடிவது. எந்த மென்பொருளில் உங்களுக்கு இது புரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் முக்கியமில்லை என்று அவர்களிடம் சொல்கிறேன். கிரே கார்டு மட்டும் வாங்கிவிடுங்கள் என்றும் சொல்கிறேன்.

மூன்றாவது புடவையை அம்மா அதுவரை கொடுக்கவில்லை. இரண்டாவது கண்ணும் ஆன பிறகு, வாசல் நிழலில் அதைத் திரும்ப எடுத்தோம். நீதிபதி இந்த முறை கிரே கார்டு. அப்பா பார்த்துவிட்டுத் தலையாட்டினார், அவ்வளவுதான். அனுப்பும்போது கூடவே ஒரு வரி எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'பகல் வெளிச்சத்துல எடுத்த படம். ட்யூப்லைட்ல பாத்தா இதவிடக் கருப்பாத் தெரியும். உங்க போன்ல கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம். நூல் துண்டு வேணும்னா தபால்ல அனுப்பறோம்.'

வாங்கியவர் நூல் துண்டு கேட்டார். அம்மா மிச்ச ஊடையில் ஒரு சாண் வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். நாலாம் நாள் பணம் வந்தது. வளையல் வீட்டுக்கு வந்தது. அடுத்த பாவையும் அப்பா சொந்தமாகவே போட்டார்.

அந்தப் பதினோரு படங்களின் ரெசிபிகளையும் இப்போது சரிசெய்துவிட்டேன். சரிசெய்வதற்கு முன்னால், எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்துத் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டேன். அவற்றால் யாருக்கும் உபயோகமில்லை. படம் நூலோடு ஒத்துப்போக அந்த வருடம் அப்பாவுக்கு எவ்வளவு நீலம் தேவைப்பட்டது என்ற கணக்கு அதில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.